அக்காவின் குரலும் ஒரு மணிச் சங்கும்

அக்கா இறந்து முதல் வருஷத் திவசம் வருவதற்கு முன்பே அவள் படத்துக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டோம். மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோக்காரர் செய்து கொடுத்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. அவர் கம்ப்யூட்டரில் ஆரம் போட்டார், முகத்தை வெளுப்பாக்கினார், உதட்டோரத்தைக் கொஞ்சம் இழுத்துச் சிரிக்க வைத்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுவரில் மாட்டியிருக்கும் எல்லோருமே அப்படித்தான். உயிரோடு இருந்தபோது கிடைக்காததைப் படத்திலாவது போட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் அவள் குரலிலும் கை வைத்தேன்.

அந்தக் குரல் அத்தானின் ஃபோனில் மட்டும் இருந்தது. அத்தான் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வருவார். அப்படி வந்த ஒரு பகலில், அக்கா கொழுந்து மலையிலிருந்து இறங்கி, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலிருந்து மகளைத் தூக்கிவந்து சோறு ஊட்டிக்கொண்டே பாடியதைப் பதிந்து வைத்தார். பெரிய பாட்டில்லை. காக்கா, பூனை, பருப்பு, அப்பா வரும் லொறி என்று வாய்க்கு வந்ததைக் கோத்து அவளே இழுப்பது. கடைசியில் தேயிலை பெக்டரியில், வேலைக்குத் திரும்பச் சொல்லி மதியம் ஒரு மணிச் சங்கு ஊதும். “சங்கு ஊதிருச்சு தங்கம், வெரசா வாயத் தொற” என்பாள். பதிவு அதோடு முடியும். நாலு மாதம் கழித்து டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

நான் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒரு குழுவில் இருக்கிறேன். என் கையில் இருப்பது சாம்ப்ளர்: ரொட்டிக்கல் அளவுப் பெட்டி, மேலே பதினாறு ரப்பர் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சத்தத்தை ஏற்றலாம். தட்டினால் அது திரும்பத் திரும்பச் சுழலும். லூப் என்போம். என்னுடையது பழைய மாடல். அதில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். குறைத்தால் குரல் தடித்துப் படுத்துவிடும். இரண்டையும் பிரிக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரை படித்தவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரித் துண்டு, மின்சாரப் பில், மருந்துப் போத்தல், எதுவானாலும் என்னிடம் வரும். “தம்பி வாசிச்சுட்டான்னா சரியாத்தான் இருக்கும்” என்பாள் அக்கா.

குரலைச் சாம்ப்ளரில் ஏற்றிய மறுவாரமே, லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கப் போன அத்தானின் ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்தது. “பரவால்ல மச்சான், அதான் ஒங்க பொட்டியில இருக்கே” என்றார்.

திவசத்தன்று அந்தப் பாட்டைப் போட வேண்டுமென்று அம்மா ஆசைப்பட்டார். போட்டுக் கேட்டேன். குரல் இழுத்து இழுத்து வந்தது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. பட்டுச்சேலையோடு சிரிப்பவளுக்கு இது பொருந்தவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். குரல் மெலிந்து பளிச்சென்று வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இன்னொரு கட்டையில் தபேலா லூப் ஒன்றைப் போட்டு, அதன் தாளத்துக்கு அக்காவை இழுத்துப் பொருத்தினேன். ஒவ்வொரு தடவையும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும், பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். வாசிக்காமலே ஆம் என்று அழுத்தினேன். எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

படையலுக்கு முன்னால் பாட்டு ஓடியது. “எம் மக சிரிச்சுக்கிட்டே பாடுறா பாரு” என்று அம்மா கண்ணைத் துடைத்தார். பிள்ளை பெட்டியை விட்டு நகரவில்லை. அத்தான் மட்டும் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன்.

“நல்லா இல்லையா, அத்தான்?”

“நல்லாத்தான் இருக்கு. கல்யாண வீட்டுல போடலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கடைசியில அந்தச் சங்கக் கேட்டீங்களா? கோழிக்குஞ்சு கத்துற மாதிரி கத்துது. இவ எங்க இப்புடிப் பாடினா? பழசப் போடுங்க, மச்சான்.”

பழையது இல்லை என்று அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போனபோது சொன்னேன். அவர் திட்டவில்லை. “நான் பீலியில போட்டேன், நீங்க பொட்டியில போட்டீங்க” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு வேகத்தைக் குறைக்கும் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் இறக்கினால் சரி போலிருக்கும். மறுநாள் கேட்டால் அது வேறு யாரோ. அம்மாவைக் கேட்டால் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொன்னார். அக்காவின் குரல் எங்கள் இருவருக்குமே மறந்துகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்துத்தான் அத்தான் சொன்ன கோழிக்குஞ்சு எனக்கு உறைத்தது. அக்கா இல்லை, சங்கு இருக்கிறது. அதே பெக்டரி, அதே மோட்டார், அதே சுருதி. ஒரு மணிக்குப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே நின்று சங்கைப் பதிந்துகொண்டு வந்தேன். அதை ஒரு கட்டையில் ஏற்றி, அக்காவின் பாட்டுக் கடைசியில் வரும் சங்கை இன்னொன்றில் வெட்டி வைத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். காது கூசியது. பழைய சங்கைப் படிப்படியாக இறக்கினேன். நெருங்க நெருங்க, இரண்டும் ஒன்றையொன்று உரசி அலையலையாக அதிர்ந்தன. பிறகு அலை மெதுவானது. பதினோராவது படியில் நின்றுவிட்டது. இரண்டு சங்கும் ஒரே சங்காகக் கேட்டது.

அக்காவையும் அதே பதினோரு படி இறக்கி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. “இம்புட்டுக் களைச்சா போயிருந்தா?” என்றார். “நானும் அவ கூடத்தானே கொழுந்து எடுத்தேன். எனக்குத் தெரியலையே.”

அத்தானின் புது ஃபோனுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினேன். சந்தையில் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. “இன்னொருக்கா போடுங்க” என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைதான் ஒத்துக்கொள்ளவில்லை. “இது யாரு, மாமா?”

“அம்மா.”

“இல்ல, இது வேற யாரோ. எங்கம்மாவப் போடுங்க.” சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையான குரலைத் தனிக் கட்டையில் வைத்தேன். திரையில் வந்த கேள்வியை இந்தத் தடவை எழுத்தெழுத்தாக வாசித்தேன். வேகமான குரலுக்குத்தான் பிள்ளை இப்போதும் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படி என்று அதை அவளுக்குத் தெரியாமல் இறக்கி வருகிறேன். நேற்று ஐந்தாவது படி. பாட்டு தொடங்கியதும் அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நான் குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

“அம்மாவுக்குத் தூக்கம் வருதா, மாமா?”

“ஆமா தங்கம். மலையில இருந்து எறங்கி வந்திருக்கா.”

என் மற்றக் கையிலிருந்த சோற்றைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.