கப்பலில் வராத சீக்கு

கூண்டுத் தட்டில் பச்சையாகக் கொழகொழத்துக் கிடந்த எச்சத்தின் புளித்த நாற்றம், இன்றும் எந்தக் கிளிக்கூண்டைக் கண்டாலும் தொண்டைவரை ஏறி வந்து எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் தீவில், ஜங்லிகாட்டில் இருந்த வாடகை வீட்டின் பின்பக்கம் நான் 'லவ் பேர்ட்ஸ்' வளர்த்தேன். சென்னையிலிருந்து கப்பலில் வந்த ஒரு ஜோடியும், அது பொரித்த நான்கு குஞ்சுகளும். கண்வலியோ காய்ச்சலோ, தீவில் எது பரவினாலும் அது கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கப்பலில் வந்த 'மெயின்லேண்ட் சீக்கு' என்றுதான் பேச்சு என்பதால், அந்த ஜோடியை அப்பா இருபது நாள் குளியலறை ஓரம் தனியாக வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கூண்டில் விட்டார்.

அப்பேர்ப்பட்ட சுத்தக்காரர், தன் சிநேகிதர் பிஸ்வாஸ் திக்லிபூர்க் காட்டில் பிடித்த கிளியொன்றைச் சாக்குப்பையில் கொண்டுவந்தபோது மட்டும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். அதன் கண்ணில் பீளை, மூக்கோரம் காய்ந்த சளி. "தனியா வைங்கப்பா, பார்த்தாலே என்னமோ போல இருக்கு" என்றேன்.

"அரே பேட்டி, அப்னா ஜங்கல் கா தோத்தா ஹை, பீமாரி கஹாங்?" என்று பிஸ்வாஸ் சிரித்தார்.

"ஆமா, நம்ம காட்டுல பொறந்த கிளிக்கு ஏதுடி சீக்கு? பஸ்ஸுல வந்த அலுப்பு" என்று அப்பா அதை என் கூண்டிலேயே விட்டார்.

தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுதான். காட்டுக்கிளி அதில் அலகை முக்கித் தும்மும். என் குஞ்சுகள் அதையே குடிக்கும். இரண்டு வாரத்துக்குள் ஆறும் செத்தன. வாலடியில் கழிசல் ஒட்டிக் கிடந்தவற்றைத் தாளில் சுற்றி எடுத்தபோது விரலெல்லாம் பிசுபிசுத்தது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. அடுத்து அப்பாவுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டுல பறவை ஏதாச்சும் வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். காட்டுக்கிளி வளர்ப்பது குற்றம் என்ற பயத்தில் அப்பா கூசாமல் "இல்லீங்க" என்றார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

காட்டுக்கிளி மட்டும் பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டு அப்பா எழுந்ததும் அதை வண்டூர்க் காட்டோரம் எடுத்துப் போனோம். கூண்டைத் திறந்தவள் நான். தும்மிக்கொண்டே பறந்து, மரத்தில் கத்திக்கொண்டிருந்த கிளிக்கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. "புண்ணியமாப் போகும்" என்று அப்பா கும்பிட்டார்.

அந்த வாடகை வீடு இப்போது இல்லை. அங்கே ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அன்றிலிருந்து விடாத இருமலை அப்பா இன்னும் 'மெயின்லேண்ட் சீக்கு' என்றே சொல்கிறார்; கேட்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வண்டூரில் அந்த மரம் நிற்கிறது, கிளிச் சத்தம்தான் இல்லை. வேறு காட்டுக்குப் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் திறந்துவிட்டதை இருபது நாள் தனியாக வைத்துப் பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?