பெட்டைத் திருக்கை

என் மச்சான் மீது எனக்கு இருந்த பொறாமைக்கு ஒரு மீன்தான் காரணம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எழுபதுகளில் நாங்கள் இருவருமே தைப்பிங் நகரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் மோட்டார் சைக்கிளில் மீன் விற்றோம். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தின் ஒரு முனையில் அவன் ஹாரன் அடிப்பான், மறுமுனையில் நான் அடிப்பேன். பெண்கள் அவன் பக்கம்தான் ஓடுவார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கை மீனை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். பால் நன்றாக ஊறும் என்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அதற்கு மேலும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மீன் பெட்டையாக இருக்க வேண்டும். ஆண் மீனைத் தின்றால் எங்கிருந்து பால் வரும் என்பது அவர்கள் கேள்வி. ஆண் திருக்கைக்கு வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் விரல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் என் பெட்டிக்குள் கைவிட்டு, மீனைப் புரட்டி, முதலில் அதைத்தான் தேடுவார்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள்.

என்னிடம் இருந்ததெல்லாம் ஆண் மீன். நான் சின்னப் படகுகள் வரும் ஒரு படகுத்துறையில் மீன் எடுத்தேன், ஜெட்டி என்போம். இழுவை வலைப் படகுகள் கடலடியைச் சுரண்டிச் சுரண்டி, பாய் அகலத்துக்கு வந்துகொண்டிருந்த திருக்கைகள் போய், முறம் அளவில் வருவதே அபூர்வமாகிவிட்டது. மற்ற மீன்களைப் போலத் திருக்கை முட்டையைக் கடல் முழுக்க இறைப்பதில்லை. வயிற்றில் சுமந்து, ஏதோ சில குட்டிகள்தான் போடும். அவை பெரிதாகப் பல வருடமாகும். அதனால் அந்த ஜெட்டியின் படகுக்காரர்கள், மலாய்க்காரரும் சீனருமாகக் கூடிப் பேசி, ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பெட்டையோ குட்டியோ மாட்டினால் தூண்டில் கயிற்றை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். மீறி யாராவது கொண்டுவந்தால் ஜெட்டித் தராசில் ஏற்றமாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். கடலுக்கு நல்லது, படகுக்கு நல்லது, எனக்கு மட்டும் ஆகாதது.

மச்சான் வாங்கியது இழுவைப் படகுகள் வந்து சேரும் வேறொரு இடத்தில். அங்கே கேள்வி முறை கிடையாது. வயிறு புடைத்த பெட்டைகளாக அடுக்கிக்கொண்டு வருவான். வெட்டும்போது உள்ளே இருந்து குட்டிகள் சரிந்து விழும். அதைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்தது என்று எழுதினால் அது பொய். வந்தது வயிற்றெரிச்சல்.

என் தலைமகள் பிறந்தபோது, ஜெட்டியில் கிடைத்ததிலேயே நல்ல திருக்கையாகப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமியார் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இத பூனைக்குப் போடுங்க மாப்ள. எம்மவளுக்கு அவ அண்ணன் கொண்டாருவான்."

கொண்டுவந்தான். என் மனைவி சாப்பிட்டாள். பால் பெருகியது, பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "எல்லாம் மாமன் போட்ட மீனுலா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். நானும் மீன்காரன்தான். என் வீட்டு அடுப்பில் இன்னொருவன் மீன் வெந்தது. நானும் அவன் வாங்கும் இடத்துக்கே போயிருக்கலாம். ஆனால் அங்கே போய் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதா? வீம்பு விடவில்லை.

எண்பதுகளில் காற்று திசை மாறியது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் பாதிச் சனம் ஈப்போவுக்கு வேலை தேடிப் போய்விட்டது. ஒருநாள் காலை, மச்சான் எங்கள் ஜெட்டியில் வந்து நின்றான். எனக்கு வாயெல்லாம் பல்.

"என்ன மச்சான், வழி தவறி வந்துட்டீங்களா?"

"அங்க கோசோங் லா மச்சான். ஒரு திருக்கைகூட இல்ல."

எங்கள் ஜெட்டியில் மட்டும் அன்றைக்கும் நாலைந்து கிடந்தன. வழக்கம்போல எல்லாம் ஆண். ஒரு மீனின் வலது பக்கச் சிறகில் யாரோ பிஸ்கட்டைக் கடித்ததுபோல் பழைய காயம் இருந்தது. அவன் அதைக் கேட்டான். இதை எவள் வாங்குகிறாள் பார்ப்போம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தேன்.

அப்போது என் மனைவி இரண்டாவது பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்தாள். இந்த முறை மாமியாருக்கு வேறு வழியில்லை, நான் கொண்டுபோவதைத்தான் ஆக்கியாக வேண்டும். ஒரு திருக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கோடு வீட்டுக்குள் போனேன்.

சமையலறையில் ஏற்கெனவே பூண்டு வாசனை. அரிவாள்மனைக்குப் பக்கத்தில், வெட்டி வைத்த மிச்சத்தில் கடித்த பிஸ்கட் போன்ற அந்தச் சிறகு கிடந்தது. அதன் பக்கத்தில் வால் துண்டு. வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும், உப்பு தேய்த்து மறைத்த இரண்டு புது வெட்டு.

"பாத்தீங்களா மாப்ள? ஊரெல்லாம் இல்லங்குறாங்க, எம்மவன் எங்கயோ அலைஞ்சு பெட்டையாவே புடிச்சிட்டு வந்துட்டான்."

"அத்த, அது ஆம்பள மீனு. காலையில என் கண்ணு முன்னாலதான் வாங்குனாரு. வெட்டி எடுத்திருக்காரு, அந்த எடத்தப் பாருங்க."

மாமியார் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆம்பள மீனுன்னா இவளுக்கு இப்படிப் பால் எறங்குமா? ஒங்களுக்குப் பொறாமை மாப்ள."

உள்ளே என் மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் மச்சான் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் தினமும் எங்கள் ஜெட்டிக்கே வந்தான். எங்கள் ஆண் மீன்களையே வாங்கி, வழியில் நிறுத்தி வெட்டிவிட்டு, பெட்டை என்று விற்றான். பெண்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள், எல்லோருக்கும் பால் ஊறியது. பெட்டைகள் நிம்மதியாகக் கடலில் குட்டி போட்டன. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மாமியார் சொன்னது சரிதான், பொறாமைதான். இத்தனை வருடம் பெட்டி நிறைய ஆண் மீனையும் இடுப்பில் கத்தியையும் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். அந்த யோசனை அவனுக்கு ஒரே காலையில் வந்துவிட்டது.