அரைக் கட்டை தப்பிப் பாடிய நாள்

“…அதுக்காக நீ பாட்டுக்கு எங்கயோ ஏறிப் போயி நிப்ப, நான் வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கணுமா? என்னால முடியாதுலா!” என்றாள் அக்கா என்னிடம், கீபோர்டுக்குப் பின்னாலிருந்து.

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். படப்பிடிப்பு. ஒரே காட்சியை ஐந்து தடவை எடுத்தும் தேறவில்லை. காரணம் அக்காதான். ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது?

அக்கா கீபோர்டு, அண்ணன் பேஸ் கிட்டார், கடைக்குட்டி நான் பாட்டு. கேசட் காலத்திலிருந்து எங்கள் குடும்பக் குழுவை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. டிவியில் பார்த்த முகம் என்பதால் நாடகங்களுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு என்ன கொடுத்தார்கள்? மைக்தான். கல்யாணக் காட்சியில் பாடுகிறவன், பிறந்தநாள் காட்சியில் பாடுகிறவன். ஒரே ஒருமுறை மாறுதலாகப் பிணமாகப் படுத்தேன். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்த பெண், “என்ன அண்ணே, நேத்துதான் செத்தீங்க, இன்னிக்கு மீன் குழம்பு கேக்குறீங்க?” என்றார். இலை போட்டவரும் விடவில்லை. “கண்ணு ஆடுச்சு பாஸ். மூச்சு வேற விட்டீங்க.” இந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே இன்னொரு தடவை சாகலாம் என்று தோன்றியது.

இருந்தாலும் உள்ளே ஓர் ஆசை. சாவதற்கு முன், நிஜமாகச் சாவதற்கு முன், திரையில் ஒருமுறையாவது நான் அல்லாத வேறொரு மனிதனாக வந்துவிட வேண்டும். இந்த வருடம் அது வாய்த்தது. காஜாங்கைச் சேர்ந்த ஒரு பெண், என் மகள் வயது, டிவிக்காக ஒரு டெலிமூவி எடுக்கிறாள். எனக்கு லோரி ஓட்டும் அப்பா வேடம். மகளின் கல்யாண விருந்தில் அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று பாடுவார். கூட்டம் சிரிக்கும். மகள் மட்டும் அழுவாள்.

“நீங்க பாட வராத ஆளு அங்கிள். அதான் முக்கியம். டப்பிங் இல்ல, அங்கயே ரெக்கார்ட் பண்றோம்,” என்று இயக்குநர் முன்பே சொல்லியிருந்தாள். பாட வேண்டியது, அக்கா மெட்டமைத்து எங்கள் முதல் கேசட்டில் வந்த பாட்டு. மேடையில் வாசிக்கும் குழுவாக அக்காவையும் அண்ணனையுமே உட்கார வைத்தாள். வம்பு அங்கேதான் வந்தது.

கல்யாண மேடையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் மாமா திடீரென்று மேடையேறி மைக்கைக் கேட்பார். மாட்டேன் என்று சொல்ல முடியாது. எந்தக் கட்டையில், எந்தச் சுருதியில் ஆரம்பிப்பார், எங்கே ஏறுவார் என்று அவருக்கே தெரியாது. அவர் அரைக் கட்டை விலகினால் அக்காவின் இடது கை கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானைத் தட்டிவிடும். அந்தக் கையைப் பார்த்தே அண்ணனும் கிட்டாரில் ஒரு கட்டம் நகர்ந்துவிடுவார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மாமாவும் தான் நன்றாகப் பாடியதாகவே நம்பி இறங்குவார். “மேடை ஏறினவங்கள மானத்தோட இறக்கி விடணும்” என்பாள் அக்கா.

அன்றும் அதுவேதான் நடந்தது. நான் கஷ்டப்பட்டுச் சுருதி விலகுவேன். அடுத்த நொடியே இருவரும் அங்கே வந்து நிற்பார்கள். பாட்டு அழகாக இருக்கும்.

“ஆன்டி, அங்கிள் எங்க போனாலும் நீங்க நகராதீங்க,” என்று இயக்குநர் கெஞ்சினாள்.

“சரிம்மா,” என்பாள் அக்கா. கை கேட்காது.

ஐந்தாவது தடவையும் போன பிறகுதான் அக்கா, முடியாதுலா என்று வெடித்தாள். சம்பந்தி வேடத்தில் இருந்தவர் எழுந்தார். “டைரக்டர், அந்த அப்பா வேஷத்த எனக்குக் குடுங்க. நான் வாயத் தொறந்தாலே தப்பும்!” மண்டபமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. சாயங்காலம் அங்கே நடக்கவிருந்த நிஜ விருந்துக்கு அலங்காரம் செய்கிறவர்கள் வாசலில் பூவோடு காத்திருந்தார்கள்.

“இன்னும் ஒரே டேக் அங்கிள். வரலன்னா அவருக்கே மாத்திடுறேன். தப்பா நெனச்சிக்காதீங்க.”

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனை நீட்டினார். முதலில் என் குரலை மட்டும் போட்டார். சகிக்கவில்லை. பிறகு வாத்தியத்தோடு போட்டார். தேன் மாதிரி இருந்தது. தப்பு எங்கே போனது என்று தேடினேன். ஆனால் அந்த இனிமை எனக்குப் புதிதில்லை. முப்பது வருடமாக நான் நன்றாகப் பாடிய நாளிலெல்லாம் காதில் விழுந்தது அதுதான்.

அக்காவிடம் போனேன். “முன்னயும் இப்படித்தானா? நான் தப்பினப்பல்லாம்?”

அக்கா வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அண்ணன்தான் பதில் சொன்னார். “டெங்கில் ஊர்க் கல்யாணத்துல மட்டும் மூணு தரம். கேசட் ரெக்கார்டிங் அன்னிக்கு சளி வேற உனக்கு. அத விடு.”

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா பாடியிருப்பியா?” என்றாள் அக்கா, நிமிராமலே.

பாடியிருக்க மாட்டேன். ஜெஞ்சாரோம் திருவிழா, டிவி, கேசட், மீன் குழம்புக் கடைக் கிண்டல், எதுவுமே இருந்திருக்காது. கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் சிரிப்பாள். அதனால், “அக்கா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் என்னை விட்டுடு,” என்றேன்.

அவள் இடது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

ஆறாவது தடவை. பல்லவியில் வழுக்கினேன். யாரும் பிடிக்க வரவில்லை. இறுக்கமாக மூடிய கண்களோடு அக்கா வலது கையால் மட்டும் பழைய இடத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. மகளாக நடித்த பெண் அழுதாள். அந்த லோரிக்காரர் எப்படிப்பட்டவர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிடிக்க ஆளில்லாமலும் பாடுகிற மனிதர்.

“கட்! ஓகே அங்கிள், ஓகே!” என்று இயக்குநர் துள்ளினாள். ஆனால் பாட்டைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத நான், தப்பிய அதே சுருதியில் பாடிக்கொண்டே போனேன். அக்கா கண்ணைத் திறந்தாள். தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி, சுருதிப் பொத்தானை ஒரு தட்டு தட்டினாள்.