நல்ல கண்ணில் பிளாஸ்திரி

மகளுக்கு வலது கண்ணில் புற்றுநோய். இரண்டு வயதில் கண்டுபிடித்தார்கள். கண்ணை எடுக்காமல் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். மருந்து ஏற்றினார்கள், லேசர் வைத்தார்கள். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. எளாவூரிலிருந்து சென்னைக்குப் போய்ப் போய், எனக்கும் மனைவிக்கும் தூக்கம் என்பதே ரயிலில்தான் என்று ஆனது.

கட்டி சுருங்கியது. கண் தங்கிவிட்டது. பார்வை தங்குமா என்பதுதான் பாக்கி. இப்படியே விட்டால் நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நோய்க் கண் வேலை செய்யாமல் போய்விடும் என்றார் டாக்டர். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணைப் பிளாஸ்திரி போட்டு மூடச் சொன்னார்.

நான் ரோலிங் மில்லில். மனைவி மருந்து கம்பெனியில். அவள் தம்பி வெல்டர், அவனுக்கு நைட் ஷிப்ட். பகலில் பிள்ளை அவனிடம்.

ஒருநாள் சீக்கிரம் வந்தேன். பிளாஸ்திரி வலது கண்ணில், நோய்க் கண்ணில் இருந்தது.

"இன்னாடா இது?"

"கொயந்த முட்டிக்கினே நடக்குது மாமா. எங்க கம்பெனில வெல்டிங் ஆர்க் வெளிச்சம் கண்ல அடிச்சா நோவுற கண்ணத்தான் கட்டுவோம். நீ நல்ல கண்ணப் போயி மூடச் சொல்ற."

"எத்தினி நாளா?"

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். மனைவி வந்ததும் விஷயத்தைக் கேட்டாள். "உன் வாய்க்கு ஒண்ணு ஒட்டிக்கோடா. அதான் நல்லா வேலை செய்யுது" என்றாள் தம்பியிடம். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

மறுநாள் ஞாயிறு. இடது கண்ணை மூடினோம். அழுதாள். மச்சான் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனான். நானும் போனேன்.

"ரயிலு காட்ட வாணாம் மாமா. சத்தத்த வச்சே கொயந்த சொல்லிடும். நிக்கிற வண்டிதான் சரி."

செக்போஸ்ட்டில் லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றிருந்தன.

"இது இன்னா கலரு பாப்பா?"

"பச்ச."

மஞ்சள் லாரி. குத்துமதிப்பாகச் சொல்கிறாள் என்று தெரிந்தது.

"அது?"

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மாமா, அந்த லாரிக்கு ஒரு கண்ணு இல்ல."

முன்னால் ஒரு லைட் உடைந்திருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் தடவினேன். இடது கண் பார்க்க எங்கேயும் இடுக்கு விட்டிருக்கவில்லை.

"ஊட்டுக்குப் போலாம்பா" என்றாள்.

"ரெண்டு மணி நேரம் இன்னும் ஆவல" என்றேன்.