ஈரம் கழிக்காத நீலக்கோடு

இவாகிரி ட்சுனியோவுக்குக் காகித ஆலையின் மரச்சில்லு வாங்கும் பிரிவில் இருபத்தாறு வருட சர்வீஸ். சில்லு ஏற்றி வரும் கப்பலைப் பற்றிக் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வரைபடம் ஒட்டுவார். ஜப்பான் இறக்குமதி செய்யும் மரச்சில்லு நீலக்கோடு, சீனாவுடையது சிவப்புக்கோடு. பன்னிரண்டு வருடத்தில் சிவப்பு மளமளவென்று ஏறியும் நீலத்தைத் தொடவில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை, ஏதோ அவரே மரம் வெட்டி அனுப்பியது போல.

போன வருடம் மொமோசே கஸுயே வரைபடத்தின் முன் நின்றாள். உலர்த்தும் அறையில் கப்பலுக்குக் கப்பல் ஈரச் சில்லை அடுப்பில் உலர்த்தி, மரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எடை போடுகிறவள்.

"இவாகிரி-சான், வியட்நாம் கப்பல் பாதிக்கு மேல சீனாவுக்குத்தான் போகுதாமே. நீலக்கோட்டுல தண்ணியக் கழிச்சீங்களா?"

"நீங்க அடுப்பப் பாத்துக்குங்க மொமோசே-சான். உலகத்த நான் பாத்துக்கிறேன்."

கூடமே சிரித்தது. அவள் தலைகுனிந்து வணங்கிவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

இந்த டிசம்பரில் பழைய கோப்பைப் புரட்டியபோதுதான் இவாகிரி அதைக் கவனித்தார். சீனாவின் கணக்கு உலர்ந்த எடை. ஜப்பானுக்கு அவர் கூட்டியதோ கப்பல் காகிதத்திலிருந்த ஈர எடை. பன்னிரண்டு வருடமாகத் தண்ணீரையும் மரமென்று எண்ணியிருக்கிறார். கழித்துப் பார்த்தால் சிவப்புக்கோடு நான்கு வருடம் முன்பே தாண்டிப் போயிருந்தது. ஆளில்லாத அறையிலும் அவருக்கு முகம் எரிந்தது.

திருத்திய வரைபடத்தைச் சத்தமில்லாமல் ஒட்டினார். மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர் ஒனிஸுகா விடவில்லை.

"நாலு வருஷமா பின்னாடி இருக்கோமா? இத்தனை நாளா எப்படித் தெரியாமப் போச்சு? ஈரக் கணக்குன்னா, உலர்த்துற அறையில தப்பா?"

இல்லை, என் தப்பு. சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. இவாகிரி வாயைத் திறக்கவில்லை.

கஸுயே எழுந்து இடுப்பு மடியக் குனிந்தாள். "எங்க அறை கவனிச்சிருக்கணும். மன்னிக்கணும்." யாராவது எழுந்து குனிந்தால்தான் கூட்டம் முடியும், அது அங்குள்ள வழக்கம். எழ வேண்டியவர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தார். மானங்கெட்ட மனிதர்.

பதினொரு மணிக்கு உலர்த்தும் அறைக்குப் போனார். "மொமோசே-சான், காலையில நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவள் தட்டிலிருந்த சில்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "சிரிக்க வச்சப்போ எல்லாரும் இருந்தாங்க. மன்னிப்பு மட்டும் இங்க வந்து, கதவச் சாத்திட்டுக் கேக்கறீங்களா?"

அவர் கதவைத் திறந்து, வாசலிலேயே நின்றார்.

"போங்க. சூடு வெளிய போகுது."

மதியம் கூடத்தில் போன வருடம் சிரித்தவர்கள் எல்லோரும் உடோன் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கஸுயே கடைசி மேசையில் இருந்தாள். இவாகிரி வரைபடத்தின் கீழே போய் நின்றார்.

"ஒரு நிமிஷம்," என்றார். யார் காதிலும் விழவில்லை. இப்படியே போய் உட்கார்ந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது.

"ஒரு நிமிஷம்!" என்று மறுபடியும் கத்தினார்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கஸுயே சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள்.