உடைசல் மேசை

என் தங்கை தன் மகளைச் சுமந்த பத்து மாதத்தில் ஒரு லாரி பிஸ்கெட் தின்றாள். சரி, லாரி என்பது கொஞ்சம் அதிகம்தான். கைவண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

பிஸ்கெட் ஆலையில் முப்பத்தொரு வருடம் பாக்கெட் போட்டவள் அவள். நின்றுகொண்டே செய்யும் வேலை. பிள்ளை உண்டான பெண்களை மட்டும் உடைசல் மேசைக்கு அனுப்புவார்கள், அங்கே உட்காரலாம். நொறுங்கியதைப் பொறுக்கித் தகர டின்னில் போடவேண்டும். ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டக்கூடாது. உள்ளே எவ்வளவு தின்றாலும் கேட்பாரில்லை. தங்கைக்கோ பொல்லாத மசக்கை. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. தங்கியது கிரீம் பிஸ்கெட் ஒன்றுதான். உடைசல் தீர்ந்துபோனால், முழு பிஸ்கெட்டின் மேல் அவளுடைய கட்டைவிரல் தெரியாத்தனமாகப் பட்டுவிடும்.

மகள் கொழுகொழுவென்று பிறந்தாள், வளர்ந்தாள், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனாள், கல்யாணமும் செய்துகொண்டாள். ஐந்து வருடமாகியும் பிள்ளை இல்லை. முப்பத்துமூன்று வயதில் பரிசோதித்தபோது, கருமுட்டை இருப்பு வயதுக்கு மிகவும் குறைவு என்றார்கள்.

அந்த வாரமே செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்து தொலைத்தது. பெண் குழந்தையின் கருமுட்டைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றனவாம். கொழுப்பும் சர்க்கரையும் மிதமிஞ்சித் தின்ற சினை எலிகளின் பெண் குட்டிகளுக்கு முட்டை குறைந்திருந்ததாம். தங்கை அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான்தான் தின்னு தீர்த்துட்டேன்."

"எதை?"

"என் பேரப்பிள்ளைய."

சமாதானம் சொன்னால் கேட்கிற ஆளா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் உடைசல் மேசையில் உட்கார்ந்த பெண்களைத் தேடிக் கிளம்பிவிட்டாள். துணைக்கு நான். ஒன்பது வீடு ஏறி இறங்கினோம். நலம்கூட விசாரிக்காமல், "உன் பொண்ணுக்கு எத்தனை பிள்ளை?" என்று ஆரம்பிப்பாள். ஒருத்தியின் மகளுக்கு நான்கு. ஒருத்தியின் மகளுக்கு ஒன்றும் இல்லை. இன்னொருத்தி கதவைப் பாதி திறந்து, "என் பொண்ணு பிள்ளையே வேணாம்னு இருக்கா. அதுக்கும் பிஸ்கெட்டா காரணம்?" என்றாள். தங்கை அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த முறை மகள் டாக்டரிடம் போனபோது நாங்களும் நோட்டோடு போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினார்.

"நல்லா வேலை பார்த்திருக்கீங்கம்மா. ஆனா ஒன்பது பேர வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. எலிகள்ல பார்த்திருக்காங்க, அது நிஜம். மனுஷங்கள்ல, அதுவும் உங்க பொண்ணு விஷயத்துல, இதுதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது. முட்டை கம்மின்னா தள்ளிப்போட நேரமில்லைன்னு அர்த்தம். வழியே இல்லன்னு அர்த்தமில்ல."

தங்கை நோட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்போ உனக்கு வேற எதுவுமே வயித்துல தங்கலைதானே?"

"ஆமா. அதுக்கு?"

"அந்த பிஸ்கெட் இல்லேன்னா நான் ஏது? என்னைப் பெத்ததையே குத்தம்னு கணக்கெடுத்துட்டு வந்திருக்க. குடு அந்த நோட்ட."

வாங்கினாள். மீதியிருந்த வெள்ளைப் பக்கத்தில், டாக்டர் சொல்லச் சொல்ல, ஊசி போடவேண்டிய நேரங்களைக் குறித்தாள். தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஆறு மணிக்குன்னு கொட்டை எழுத்துல எழுதுடி, நான் வந்து எழுப்பறேன்" என்றாள்.

முதல் முறை சிகிச்சை பலிக்கவில்லை. மகள் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். இரண்டாம் முறை கிடைத்தது மூன்றே முட்டை. அதில் ஒன்று கருவாகி ஒட்டிக்கொண்டது.

இப்போது நான்காம் மாதம். நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். இனிமேல் கவலையே வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

இந்த வரியை எழுதும்போது, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, அவங்க எங்க அப்படிச் சொன்னாங்க? 'இதுவரைக்கும் எல்லாம் நல்லா இருக்கு'ன்னாங்க. அவ்வளவுதான். அதையே எழுதுங்க."