முப்பிடாதியின் சீட்டில் எழுதியிருந்த சொல்

என் பெண்டாட்டி முப்பிடாதியைப் பத்தி எழுதணும்னா அவ கையைத்தான் முதல்ல எழுதணும். சாணியில பிசைஞ்சு காயவச்ச பருத்திவிதையை, கலப்பைக்குப் பின்னால சால்ல போட்டுக்கிட்டே வருவா. முளைச்சு வந்தா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். நாகலாபுரத்துல அப்படி ஒரு கை கிடையாது.

ஒன்பது வருசமா எங்களுக்குப் பிள்ளை இல்லை. தொண்ணூத்தேழுல கோவில்பட்டிக்குப் போயி ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். எல்லா டெஸ்டும் பார்த்துட்டு அந்தம்மா சொன்னாங்க: "இவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அடுத்து நீங்க டெஸ்ட் குடுங்க."

நான் குடுக்கல. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு ஊர்ல கேட்டாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டுல இங்கிலீஷ்ல 'நல்லிபாரஸ்'னு ஒரு சொல் இருந்துச்சு. ஆறாவதோட நின்னவன் நான். எழுத்துக்கூட்டிப் படிச்சு, "அவளுக்கு நல்லிபாரஸ்னு வியாதியாம்"னு சொல்லிட்டேன்.

மறு வருசம் புரட்டாசி மழைக்கு விதைப்பு. முதல் பிடி விதை பிள்ளை பெத்தவ போடணும், பிறகு யாரும் போடலாம். அது எங்க பக்கத்து வழக்கம். அந்த வருசம் எங்க மதினி மீனாட்சியம்மா முப்பிடாதி கையிலிருந்த விதைக்கூடையையே பிடுங்கிட்டா.

"ஏட்டி, சீக்காளி கை விதையில படவே வேண்டாம். வரப்புல போயி நில்லு."

நான் மேழியைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன்.

போலியோ சொட்டுக்குப் பேர் எழுத அந்தப் பக்கம் வந்த நர்ஸ் உமாதேவியை மதினி மறிச்சா. "ஏம்மா, நல்லிபாரஸ் ஒட்டுவாரொட்டியா?"

அந்தப் பிள்ளை சிரிச்சுட்டுது. "அது வியாதி இல்லக்கா. லத்தீன் சொல்லு. நுல்லுஸ்னா ஒண்ணுமில்ல, பரேரேன்னா பெறுறது. இன்னும் பிள்ளை பெறாதவங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். கல்யாணமாகாத எனக்கும் அப்படித்தான் எழுதுவாங்க."

மதினி என் பக்கம் திரும்புனா. "அப்போ டாக்டர் என்னதான் சொன்னாக, கொழுந்தனாரே?"

முப்பிடாதி வரப்புல தலை குனிஞ்சு நின்னா. டாக்டர் சொன்னப்ப அவளும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ஒரு வருசம் பேச்சு வாங்குனாளே தவிர, என்னைக் காட்டிக் குடுக்கல.

"டெஸ்ட் எனக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. நான் போகல," என்றேன். மதினி கூடையைக் கீழே வச்சா.

முப்பிடாதி வந்து எடுத்துக்கிட்டா. முதல் பிடியையும் அவளே அள்ளினா. "மாடு நிக்குது. ஓட்டுங்க."

அடுத்த செவ்வாக்கிழமை கோவில்பட்டிக்குக் கிளம்புனேன். "நீயும் வாயேன்"னு கூப்பிட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "எனக்குப் பார்த்தாச்சு."